பினாங்கில் மூன்று நாட்கள்: எதை, எங்கே, எந்த நேரத்தில்

கேள்வி இதுதான்: கணவன், மனைவி, சுத்த சைவமான அம்மா, மூவரும் மூன்று நாள் மலேசியாவின் பினாங்குத் தீவுக்குப் போகிறார்கள். நல்ல சாப்பாடு எங்கே, இனிப்பு என்ன, கண்ணுக்கு நிறைவான இடங்கள் எவை? பத்துக் கடைப் பெயர் கொடுத்தாலே போதும் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பத்துப் பெயர் கொடுப்பது பெரிய வேலை இல்லை. ஆனால் அப்படிப்பட்ட பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவர்கள் பாதிக் கடைகளின் மூடிய கதவைப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தீவுக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபெர்ரி ஏறி, தீவின் தலைநகரான ஜார்ஜ் டவுனுக்குப் போய்ச் சாப்பிடுவதுதான் அப்போதைய பொழுதுபோக்கு. முதல் இரண்டு மாதம் எனக்கும் அதே கதைதான். பகல் இரண்டு மணிக்கு ஒரு பேர்போன மீ (நூடுல்ஸ்) கடையைத் தேடிப் பிடித்து நின்றால், கடைக்காரர் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கடைப் பாட்டி என்னைப் பார்த்துச் சிரித்து, விரலால் பத்து மணி என்று காட்டினார். நாளைக்குக் காலை பத்து மணிக்கு வா என்கிறாராம்.

இதற்குக் காரணம் இருக்கிறது. 1786இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தத் தீவைப் பிடித்ததிலிருந்து இது துறைமுக ஊர். மூட்டை தூக்கியவர்கள், மாலுமிகள், தரகர்கள் என்று வீட்டுச் சமையலே இல்லாத ஆண்கள் நிறைந்த ஊராக இருந்தது. அவர்களுக்காக ஒருவர் ஒரே ஒரு பண்டத்தைச் செய்து, தோளில் சுமந்து, விற்றுத் தீர்ந்ததும் வீட்டுக்குப் போனார். அந்தப் பழக்கம் இன்றும் மாறவில்லை. இங்கே ‘கோப்பிக்கடை’ என்பார்களே, அதன் முதலாளி பெரும்பாலும் பானங்களை மட்டும்தான் விற்பார். முன்புறத்தில் இருக்கும் ஒட்டுக்கடைகளெல்லாம் வாடகைக்கு வந்தவை. காலையில் ஒருவர் கஞ்சி விற்ற அதே இடத்தில் இரவில் வேறொருவர் மீ வறுத்துக்கொண்டிருப்பார். ஆகவே கடைப் பெயரோடு நேரத்தையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டு போங்கள். இன்னொன்று: மேசையில் உட்கார்ந்தால் ஆளுக்கு ஒரு பானமாவது சொல்வதுதான் மரியாதை. அதுதான் அந்த நாற்காலிக்கு நீங்கள் கொடுக்கும் வாடகை.

முதலில் நாசி கண்டார். நாசி என்றால் மலாய் மொழியில் சோறு. கண்டார் என்றால் தோளில் கம்பு வைத்து இரண்டு பக்கமும் பாரம் தொங்கவிட்டுச் சுமப்பது. நம் மொழியில் அதற்குப் பெயர் காவடி. காவடிச் சோறு என்று சொன்னால் தப்பில்லை. ஒரு கூடையில் சோறு, மறு கூடையில் குழம்புகள் என்று சுமந்து, காலையிலேயே துறைமுகக் கூலிகளுக்கு விற்றவர்கள் தமிழ் முஸ்லிம்கள். இன்று அவர்கள் கடைகளை ஊரே ‘மாமாக்’ கடை என்கிறது. நம்முடைய ‘மாமா’தான் மலாய் வாயில் அப்படி ஆகிவிட்டார். சூலியா தெருவும் பினாங்கு சாலையும் சேருமிடத்தில் ஒரு சந்துக்குள் இருக்கும் லைன் கிளியர், கேம்பல் தெருவில் 1907 முதல் நடக்கும் ஹமீதியா, இந்த இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. எது மேல் என்று உள்ளூர்க்காரர்களிடம் கேட்டால் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவது கடை ஒன்றைச் சொல்வார்கள். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை.

கேட்டு வாங்கும் முறைதான் முக்கியம். வரிசையில் நின்று தட்டை நீட்டினால் சோறு விழும். பிறகு கோழி, மீன், கணவாய், மீன் சினை, அவித்த முட்டை, வெண்டைக்காய் என்று கை காட்ட வேண்டும். குழம்பு எது என்று கேட்கும்போது ‘குவா சம்பூர்’ என்று சொல்லுங்கள். கலந்த குழம்பு என்று பொருள். உடனே அந்த ஆளின் கரண்டி ஓட ஆரம்பிக்கும். கோழிக் குழம்பில் அரைக் கரண்டி, மீன் குழம்பில் ஒரு கரண்டி, கறுத்துப் பளபளக்கும் சோயாக் குழம்பில் கொஞ்சம், மேலாக ஏதோ ஒரு பாத்திரத்திலிருந்து சிவந்த எண்ணெய். சாம்பாரை முடித்துவிட்டுத்தான் ரசம் என்று வளர்ந்த நமக்கு அது பெரிய அநியாயமாகத் தெரியும். இரண்டாவது கவளத்தில் புரிந்துவிடும். ஒவ்வொரு குழம்பும் தனியே ருசித்தால் சற்று அதிகப்படியாக இருக்கும், சேர்ந்தால்தான் சரியாகும் என்ற கணக்கில் செய்தது அது. சோறு மிதக்க வேண்டுமென்றால் ‘பஞ்சிர்’ என்று சொல்லுங்கள். வெள்ளம் என்று அர்த்தம், வெள்ளமாகவே ஊற்றுவார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: பெரிய இறாலும் மீன் சினையும் எவ்வளவு வெள்ளி என்று கை காட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். மலேசியத் தமிழர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்வார்கள், நீங்களும் தயங்காமல் சொல்லலாம்.

அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் மூன்று நாளும் உங்கள் மனநிம்மதி அதில்தான் இருக்கிறது. குயின் தெரு, மார்க்கெட் தெரு, பினாங்கு தெரு மூன்றும் சேர்ந்த லிட்டில் இந்தியாவில் இட்லி, தோசை, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் கிடைக்கும். ‘சைவமா அண்ணே’ என்று தமிழிலேயே கேட்கலாம். அதைத் தாண்டி வெளியே வந்தால்தான் வலைகள். கீரைப் பொரியல் என்று நம்பி வாங்கினால் அதில் பெலாச்சான் இருக்கும், இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்து அரைத்த விழுது. நம் பரோட்டா போன்ற ரொட்டி சானாயோடு வரும் குழம்பு பருப்பா மீனா என்று கேட்டே தீர வேண்டும். வெறும் பழம்தானே என்று பழ ரோஜாக் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அன்னாசி, மாங்காய், கொய்யா எல்லாவற்றின் மேலும் கறுப்பாக ஊற்றுவது இறால் விழுதுதான். என் நண்பரின் தாயார் ஒருவர் அதை ‘நல்ல புளிக்காய்ச்சல்’ என்று பாராட்டிச் சாப்பிட்டார். இன்று வரை அவரிடம் யாரும் உண்மையைச் சொல்லவில்லை.

ஆனால் சீனர்களின் பௌத்த சைவ உணவகங்கள் இந்த ஊரில் நிறைய உண்டு, அவற்றை நம்பலாம். வெங்காயம், பூண்டு கூடப் பல இடங்களில் சேர்ப்பதில்லை. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பல சீனர்கள் சைவம் சாப்பிடுவார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி உங்கள் பயணம் அமைந்தால் அன்றைக்கு அந்தக் கடைகளில் கூட்டம் அலைமோதும், வகைகளும் அதிகம். ஒரே குறை, சோயாவில் செய்த போலி மீனும் போலிக் கோழியும் தட்டில் அச்சு அசலாக வந்து உட்காரும். அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.

மற்றவர்கள் கவனிக்க வேண்டிய சொற்கள் இரண்டு. டாகிங் என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சி, பாபி என்றால் பன்றி. மாமாக் கடைகளில் பன்றி இருக்கவே இருக்காது, மாடு இருக்கும். சீனக் கடைகளில் பன்றிக் கொழுப்பு கண்ணுக்குத் தெரியாமல் எண்ணெயாகவே கலந்திருக்கும்.

அதில் உங்களுக்குத் தடை இல்லையென்றால் சார் குவே தியோவைத் தவறவிடாதீர்கள். தட்டையான அரிசி மீயை இறால், சிப்பிச் சதை, முளைப்பயறு, முட்டையோடு வறுப்பது. நல்ல கடையில் ஒரு தட்டுக்கு மேல் சட்டியில் போட மாட்டார்கள். சட்டி அவ்வளவு சூடாக இருக்க வேண்டும், இரண்டு தட்டு போட்டால் வறுபடாமல் வெந்துவிடும். சயாம் சாலையில் இன்னும் கரி அடுப்பில் வறுக்கும் கடையின் முன் வரிசை நீளும். முக்கால் மணி நேரம் நிற்க முடியுமா என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். அசாம் லக்சா வேறு வகை. மீனை வேகவைத்து உதிர்த்து, புளி கரைத்து, இஞ்சி இனத்துப் பூ மொட்டு ஒன்றை நறுக்கிப் போட்ட குழம்பில் அரிசி மீ, மேலே புதினா, அன்னாசி, வெள்ளரிக்காய். மீன் குழம்பும் ரசமும் எங்கோ சந்தித்தது போல இருக்கும். தமிழ் நாக்கு முதல் கரண்டியிலேயே ஏற்றுக்கொள்ளும் சீன-மலாய்ச் சாப்பாடு இது ஒன்றுதான் என்பது என் கட்சி. மலையடிவாரத்து ஆயர் ஈத்தாம் பக்கம் போகும்போது சாப்பிடுங்கள், அங்கே அது பேர்போனது.

இனிப்பில் நான் ஒன்றைத்தான் அழுத்திச் சொல்வேன். அது செண்டோல். பினாங்கு சாலையிலிருந்து பிரியும் கெங் குவீ என்ற சிறு சந்தில் 1936 முதல் விற்கும் கடை இருக்கிறது. எதிர்ப்பக்கத்திலேயே போட்டிக் கடையும் உண்டு. உட்கார இடம் தேடாதீர்கள், தெருவிலேயே நின்று குடியுங்கள். செய்வதைப் பார்ப்பதுதான் பாதி சுவை. கிண்ணத்தில் சீவிய ஐஸ், அதன் மேல் சிவப்பு பீன்ஸ், பிறகு ரம்பை இலைச் சாறு சேர்த்துப் பிழிந்த பச்சை அரிசிமாவு இழைகள். தேங்காய்ப்பால் ஒரு கரண்டி. கடைசியாகக் கூலா மெலாக்கா, அதாவது தென்னம் பதநீரைக் காய்ச்சி எடுத்த கருப்பட்டிப் பாகு. அது ஊற்றியவுடன் கலக்காது. வெள்ளைப் பாலின் மேல் பழுப்புக் கோடாக இறங்கி, ஐஸுக்கடியில் போய்த் தங்கிவிடும். கலக்காமல் முதலில் மேற்பாலை ஒரு வாய் எடுங்கள், லேசாக உப்புக் கரிக்கும். அந்த உப்புதான் அடியில் இருக்கும் இனிப்பைத் தூக்கிக் கொடுக்கிறது. பிறகு கலக்கிக் குடியுங்கள். நம் ஊர்ப் பால் கொழுக்கட்டையைக் குளிரவைத்துக் குடிப்பது போல இருக்கும். அம்மாவுக்கும் இது பொருந்தும்.

ஐஸ் காச்சாங் என்று இன்னொன்று உண்டு. ஐஸ் மலையின் மேல் சிவப்புப் பாகு, பால், சோளம், ஜெல்லி என்று என்னென்னவோ இருக்கும். குழந்தைகள் இருந்தால் வாங்குங்கள், உங்கள் மூவருக்கும் அவசியமில்லை. அதைவிட, காலையில் சந்தைப் பக்கம் நடக்கும்போது ‘அப்போம்’ என்று எழுதியிருந்தால் நில்லுங்கள். நம் ஆப்பம்தான், சின்னதாக, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்து, ஓரம் நொறுங்கும்படி சுட்டு மடித்துக் கொடுப்பார்கள். ‘புத்து மாயாம்’ என்று எழுதியிருந்தால் அது இடியாப்பம். தேங்காய்த்துருவலும் பழுப்புச் சர்க்கரையும் தூவித் தருவார்கள். தமிழ்நாட்டிலிருந்து வரும் பலர் இதையெல்லாம் ‘நம் ஊரில் கிடைக்காததா’ என்று தாண்டிப் போகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மலாய்க்காரரும் சீனரும் வரிசையில் நின்று, தங்கள் சொந்தப் பலகாரமாக நினைத்து இடியாப்பம் வாங்குவதை வேறு எங்கே பார்ப்பீர்கள்?

ஜாதிக்காய்ச் சாறும் ஒரு முறை குடித்துப் பாருங்கள். கம்பெனி காலத்தில் இந்தத் தீவில் ஜாதிக்காய்த் தோட்டங்கள் போட்டார்கள். நாம் கொட்டையை மட்டும்தான் அறிவோம், இங்கே அதன் சதைப்பற்றைப் பிழிந்து குடிக்கிறார்கள், ஊறுகாயும் போடுகிறார்கள். டுரியான் பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை: வருடத்தின் நடு மாதங்களில் போனால் பாலிக் பூலாவ் என்ற ஊர்ப் பக்கம் கிடைக்கும். எதுவானாலும் விடுதி அறைக்குள் கொண்டுபோகாதீர்கள், அபராதம் போடுவார்கள்.

இனி பார்க்க வேண்டிய இடங்கள். ஒரு நாள் காலையை முழுவதும் கொடிமலைக்குக் கொடுங்கள். ஆங்கிலத்தில் பினாங்கு ஹில், மலாயில் புக்கிட் பெண்டேரா. பெண்டேரா என்றால் கொடி. மலையேறும் ரயில் 1923இல் ஓடத் தொடங்கியது. முன்பு பாதி வழியில் வண்டி மாற வேண்டியிருந்தது, 2011 முதல் ஒரே வண்டி, சில நிமிடங்களில் உச்சிக்குப் போய்விடும். 800 மீட்டருக்கு மேல் உயரம், கீழே இருப்பதைவிடக் குளிர்ச்சி. முதல் வண்டிகளில் ஒன்றைப் பிடியுங்கள். பத்து மணிக்குப் போனால் கூட்டத்தின் முதுகைத்தான் பார்ப்பீர்கள், வார இறுதியில் கேட்கவே வேண்டாம். விடிகாலையில் மேகம் கீழே கிடக்கும். அது விலகும்போது முதலில் கடல் தெரியும், பிறகு ஊரின் ஓட்டுக் கூரைகள், பிறகு தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலங்கள். முதல் பாலம் 1985இல் திறந்தது, 13.5 கிலோமீட்டர் நீளம். 2014இல் வந்த இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர். மலையுச்சியில் முருகன் கோயிலும் அதை ஒட்டியே பள்ளிவாசலும் உண்டு. ஊரிலிருந்து 204ஆம் எண் பஸ் மலையடிவாரம் வரை போகும்.

அடிவாரம் ஆயர் ஈத்தாமில்தான் இருக்கிறது, ஆகவே இறங்கியதும் கெக் லோக் சீ பௌத்தக் கோயிலையும் அன்றே முடித்துவிடலாம். ஏழு நிலைக் கோபுரம் ஒன்று இருக்கிறது. அடிப்பாகம் சீன பாணி, நடுப்பாகம் தாய்லாந்து பாணி, முடி பர்மிய பாணி. படிகள் அதிகம். மேலே கருணைத் தாயான குவான் யின்னின் வெண்கலச் சிலைக்குப் போக லிஃப்ட் உண்டு, அம்மாவை அதில் ஏற்றிவிடுங்கள். கீழே வந்து லக்சா.

இரண்டாம் நாள் காலை சியூ படகுத்துறை. கடலுக்குள் மரக்கால்கள் நட்டு, அதன் மேல் பலகை போட்டு, ஒரே குலப்பெயர் கொண்ட சீனக் குடும்பங்கள் வரிசையாக வீடு கட்டி வாழும் இடம். பலரும் மாலை வெளிச்சத்துக்காகப் போகிறார்கள். ஆனால் அந்தத் துறை கிழக்கு பார்த்தது, சூரியன் அங்கே கடல் பக்கமிருந்து எழுகிறது. ஏழு மணிவாக்கில் சூரிய உதயம், அதையொட்டிப் போனால் பலகையில் உங்கள் காலடி மட்டும்தான் கேட்கும். மனிதர்கள் குடியிருக்கும் வீடுகள் அவை, திறந்த கதவுக்குள் கேமராவை நீட்ட வேண்டாம்.

அங்கிருந்து நடந்தே ஆர்மேனியன் தெருவுக்கு வரலாம். 2012இல் ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச் வரைந்த, சைக்கிளில் போகும் இரண்டு குழந்தைகளின் சுவரோவியம் அங்கேதான். சைக்கிள் நிஜம், குழந்தைகள் ஓவியம். வரிசையில் நின்று படம் எடுக்கும் கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு அலுப்புதான் வரும். அடுத்தபடியாக, பழைய பெயரில் பிட் தெரு என்று அழைக்கப்படும் சாலை. அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 1801இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், 1833இன் மகாமாரியம்மன் கோயில், சீனர்களின் கருணைத் தாய் கோயில், 1818இன் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், எல்லாம் சில நூறு மீட்டர் தூரத்துக்குள். கப்பித்தான் கெலிங் என்பவர் தமிழ் முஸ்லிம் சமூகத்தின் தலைவர், காதர் மொய்தீன். சூலியா தெருப் பக்கம் நாகூர் தர்கா ஒன்றும் இருக்கிறது. நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறியவர்களுக்குத் தரை தெரிந்த முதல் ஊர்களில் இது ஒன்று. இறங்கியதும் அவர்கள் தேடிப் போயிருக்கக்கூடிய வாசல்கள் இவை என்று நினைத்துக்கொண்டு நடந்தால் தெருவே வேறாகத் தெரியும்.

மூன்றாம் நாளுக்குத் தண்ணீர்மலை. பினாங்குத் தமிழர்கள் அந்தப் பெயரில்தான் சொல்வார்கள், டாக்சிக்காரரிடம் ‘வாட்டர்ஃபால் டெம்பிள்’ என்று சொல்லுங்கள். மேலே பாலதண்டாயுதபாணி கோயில், ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். அம்மாவால் முடியாவிட்டால் கீழே நகரத்தார் கோயில் இருக்கிறது, அதுவே மனதுக்கு நிறைவு. தைப்பூசத்தையொட்டி வெள்ளி ரதம் ஊருக்குள்ளிருந்து இங்கே வரும். வழியெங்கும் தமிழர்களோடு சீனர்களும் குவியல் குவியலாகத் தேங்காய் உடைப்பார்கள். அருகிலேயே 1884இல் அமைத்த தாவரவியல் பூங்கா. குரங்குகள் உண்டு, கையில் தின்பண்டம் வேண்டாம்.

பத்து ஃபெரிங்கி கடற்கரையைப் பற்றிக் கேட்பீர்கள். அஸ்தமனத்துக்குப் போகலாம், குளிக்க அவ்வளவு உகந்ததில்லை. தண்ணீர் கலங்கல், சில காலங்களில் ஜெல்லி மீன் தொல்லை. அதைவிட மாலை ஆறு மணிக்குப் படாங் கோத்தா லாமா கடலோரம் போங்கள். கார்ன்வாலிஸ் கோட்டைக்குப் பக்கம், காற்று நன்றாக வரும். அங்கே பசெம்போர் வாங்கி உட்காருங்கள்: பருப்பு வடை, இறால் வடை, வெள்ளரிக்காய், அவித்த முட்டை எல்லாவற்றையும் வெட்டிப்போட்டு, சர்க்கரைவள்ளிக் கிழங்குக் குழம்பை மேலே ஊற்றித் தருவார்கள். அம்மாவுக்கு அது ஆகாது. அதனால் அன்று பிற்பகலிலேயே லிட்டில் இந்தியாவில் இரண்டு வடை கட்டி வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர், அக்டோபரில் போவதானால் குடையும் வையுங்கள், அங்கே அப்போதுதான் மழை அதிகம்.